கடவுளை விட்டுச் சென்ற துரைமார்கள்

அந்தமானில் ராஸ் தீவு என்று ஒரு சிறு தீவு இருக்கின்றது. 2018-ம் வருஷத்தில் அதற்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர் மாற்றினார்கள். அதன் மேட்டிலே வெள்ளைக்காரர்கள் கட்டிய கிறிஸ்துவக் கோயில் ஒன்று இடிந்து கிடக்கின்றது. சமீபத்தில் நாம் அதைப் போய்ப் பார்த்தோம். கூரை இல்லை, சுவர்களை மரவேர்கள் பாம்பு போல் சுற்றிப் பிடித்திருக்கின்றன. நம்மோடு படகில் வந்த சிலர், "ஐயோ, இவ்வளவு அழகான கோயில் பாழாய்ப் போயிற்றே!" என்று பரிதாபப்பட்டார்கள். கல்லுக்காகப் பரிதாபப்பட்டவர்களில் ஒருவராவது அந்தக் கல்லைச் சுமந்தவனுக்காகப் பரிதாபப்பட்டதாகத் தெரியவில்லை.

1858 மார்ச்சில் டாக்டர் வாக்கர் என்பவர் 200 கைதிகளைக் கொண்டுவந்து அந்தமானில் இறக்கினார். விலங்கு பூட்டிய கைகளே இத்தீவின் காட்டை வெட்டின. அவ்வருஷமே, தப்பியோடிப் பிடிபட்டவர்களில் 80 பேருக்கு மேல் ஒரே நாளில் தூக்கிலிடப்பட்டார்கள். பிறகு இத்தீவு அதிகாரிகளின் தலைமை இடமாயிற்று. துரைக்குப் பங்களா, நடன மண்டபம், டென்னிஸ் மைதானம். இவைகளோடு கடவுளுக்கும் ஒரு வீடு! எதிர்க்கரையிலோ 1906-ல் கட்டி முடித்த செல்லுலார் ஜெயில். இக்கரையில் அன்பைப் பற்றிப் பிரசங்கம். அக்கரையில் மாட்டுக்குப் பதில் செக்கிழுக்கும் மனிதன். இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்த கடவுள் வாய் திறந்தாரா என்று கேட்கின்றோம்.

1941 ஜூன் 26-ந் தேதி பெரும் நிலநடுக்கம் வந்து தீவின் கட்டடங்கள் பிளந்தன. 1942 மார்ச்சில் ஜப்பானியர் அந்தமானைப் பிடித்தார்கள். துரைமார்கள் தங்களைக் காப்பாற்றிக்கொண்டு, கடவுளை மரவேர்களுக்கு விட்டுப் போனார்கள்.

"அக்கிரமத்திற்குக் கடவுள் கொடுத்த தண்டனை இது" என்பாரும் உண்டு. 1934-ல் பீகார் நிலநடுக்கத்தைத் தீண்டாமைப் பாவத்தின் தண்டனை என்று காந்தியாரே சொன்னாரல்லவா? அப்படியானால் அந்தமானில் 80 வருஷத்துக்கு மேல் அவர் சும்மா இருந்தது ஏன்? தண்டிக்கப் புறப்பட்டவர் தம் சொந்த வீட்டையே இடித்துக்கொண்டது ஏன்? உண்மை என்னவென்றால், அங்கே கடலுக்கடியில் ஒரு பூமித்தட்டு மற்றொன்றின் கீழே புகுந்துகொண்டே இருக்கின்றது. சேர்ந்த அழுத்தம் விடுபடும்போது நிலம் ஆடுகின்றது. 2004 டிசம்பர் 26-ந் தேதியும் அதுதான் நடந்தது. அன்று வந்த கடல், ஜெபம் செய்தவன், பூஜை செய்தவன், தொழுகை செய்தவன் என்று ஆள் பார்க்கவில்லை.

இதைப் படிக்கும் வைதிகர்கள், "அந்நியன் கோயில்தானே" என்று சந்தோஷப்பட வேண்டாம். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்கள் நுழைய 1939 ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கட்டுவதற்கு உழைப்பாளியின் முதுகு வேண்டும்; கட்டி முடிந்தபின் அவன் நிழலும் ஆகாது. சிலுவை வைத்த கோயிலானாலும், கலசம் வைத்த கோயிலானாலும் கதை ஒன்றேதான்.

ஆகவே தோழர்களே, ராஸ் தீவுக்குப் போங்கள், அவசியம் பாருங்கள். இடிந்த சுவரின் முன் கும்பிடவும் வேண்டாம், கண்ணீர் விடவும் வேண்டாம். "இந்தக் கல்லைச் சுமந்தவன் யார்? அவன் பெயர் எங்கே?" என்று மாத்திரம் கேளுங்கள். திரும்பி வந்தபின் உங்கள் ஊர்க் கோயில் வாசலில் நின்றும் அதே கேள்வியைக் கேளுங்கள்.