இரவல் மேகம்

பத்து நாட்களுக்கு முன் என் தமக்கை மகன் கேரி தீவின் கரையில் தான் எடுத்த படமொன்றைக் கைபேசியில் காட்டி, "எப்படி மாமா இருக்கு?" என்று கேட்டான். நீர் வற்றிய சேற்றுத் திட்டும், அதில் நண்டுகள் கீறிய கோலமும், தூரத்தில் ஒற்றைப் படகும், அவற்றுக்கெல்லாம் மேலே குங்குமத்தைக் கொட்டினாற்போன்ற மேகக் கூட்டமும் ஒருங்கே கண்ணை நிறைக்க, பாராட்டுவதற்கென்று வாயெடுத்த நான், அந்த மேகத்தை எங்கோ பார்த்த ஞாபகம் வரவே வாளாவிருந்தேன். சிறிது யோசித்தபின் விளங்கிற்று. தைப்பூசத்துக்கு மறுநாள் அவன் அனுப்பிய பத்துமலைப் படத்தில், முருகன் சிலையின் பொன் மகுடத்துக்குப் பின்னால் நின்றதும் இதே மேகம்தான். இடது ஓரத்தில் யானைத் துதிக்கைபோல் வளைந்த அதன் வால்கூட மாறவில்லை. கேட்டதற்கு, "ரெண்டு நாளும் வானம் வெறும் வெள்ளையா இருந்துச்சு மாமா, அதான் மாத்திட்டேன்" என்றான், கறைபட்ட சட்டையை மாற்றிக்கொண்டவன் சொல்வதுபோல.

கிள்ளான் பள்ளத்தாக்கின் வானத்தைப் பற்றி அவன் சொன்னது பொய்யன்று. ஈரக் காற்றும், அவ்வப்போது சுமத்திராவிலிருந்து வந்து கவியும் புகைமூட்டமும் சேர்ந்து, நம் ஆகாயத்தை வெளுத்த வேட்டியாக்கி வைத்திருக்கும் நாட்கள் வருஷத்தில் அநேகம். அன்றியும், மேகத்தை இரவல் வாங்கும் குற்றம் கைபேசி யுகத்தில் பிறந்ததுமன்று. 1856இல் சென்னை மாகாண அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமனம் பெற்ற காப்டன் லின்னியஸ் டிரைப் என்ற படையதிகாரி, அடுத்த ஆண்டின் இறுதியில் பெருஞ்சுமைகளுடன் தெற்கே புறப்பட்டு, திருவரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை என்று ஊரூராகச் சென்று, பன்னிரண்டு அங்குலத்துக்குப் பதினைந்து அங்குலம் அளவுள்ள மெழுகிட்ட காகித நெகட்டிவ்களில் நம் கோயில்களைப் பதிவு செய்தார். அக்காலத்து ரசாயனம் நீல ஒளிக்கே வெகு விரைவில் வசப்படுவதாகையால், கோபுரத்தின் கருங்கல் சரியாகப் பதிவதற்குள் வானம் அளவுக்கு மீறி ஒளியேறிச் சூனியமாகிவிடும். அந்தச் சூனியத்தைச் சகியாத டிரைப், நெகட்டிவின்மேல் வர்ணம் தீட்டி, மேகங்களைத் தம் கையாலேயே உண்டாக்கினார். அப்படியானால் அவரும் என் மருமகனும் ஒரே ஜாதிதானே என்று கேட்டால், சட்டென்று மறுக்க எனக்கு நாவெழவில்லை. ஆயினும் டிரைப்பின் மேகம் அந்த ஒரு படத்துக்கென்றே, அந்தக் கோபுரத்தின் ஒளியையும் நிழலையும் பார்த்துத் தீட்டப்பட்டது. தஞ்சையில் தீட்டியதைக் கழற்றி மதுரையில் மாட்டக்கூடியதன்று. அதே மனிதர் தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பீடத்துக் கல்வெட்டுகளைப் பிறர் படிக்கும்படி எடுக்கவேண்டி, காமிராவை இடம் நகர்த்தி நகர்த்தி, இருபத்தொரு படங்களை ஒன்றோடொன்று ஒட்டிச் சுமார் பத்தொன்பது அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினாரே, அந்தப் பொறுமையை நினைத்தால் மேகக் குற்றத்தை மன்னித்துவிடத் தோன்றுகிறது. அரசாங்கம் மன்னிக்கவில்லை. மேகத்துக்காக அன்று, செலவுக்காக; கவர்னர் டிரெவெல்யன் வந்ததும் சிக்கனத்தின் பெயரால் அந்த உத்தியோகமே மூடப்பட்டது.

டிரைப் சுமையோடு ஊரூராக அலைந்ததும் சாகசமே; ஆனால் சாகசப் புகைப்படக்காரர் என்றால் மலையுச்சியில் தொங்குபவரைத்தான் இன்று நினைக்கிறார்கள். எனக்கு மா. கிருஷ்ணன் ஞாபகத்துக்கு வருகிறார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகனாக 1912இல் பிறந்த அவர், கடையில் கிடைத்த காமிரா எதுவும் தம் காரியத்துக்கு ஒத்துவராமையால், ஒன்றின் உடலையும் இன்னொன்றின் லென்ஸையும் பொருத்தித் தாமே ஒரு விசித்திரக் கருவியை உண்டாக்கி, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் சூட்டி, அதைச் சுமந்துகொண்டு முதுமலைக் காட்டில் யானைகளின் அருகே போனவர். காட்டு யானையைப் படமெடுப்பதில் உயிராபத்து ஒருபுறமிருக்க, தொழில் நுணுக்கத்தின் ஆபத்து மற்றொருபுறம்: கரிய தோலின் சுருக்கம் தெரியும்படி ஒளியை அனுமதித்தால் இலைகளுக்கிடையே தெரியும் வானம் எரிந்து போகும், வானத்தைக் காப்பாற்றினால் யானை கரிமூட்டையாகிவிடும். கறுப்பு வெள்ளையைத் தவிர வேறெதையும் நாடாத அவருடைய யானைகளின் தோலிலே சேற்றுப் பொருக்குவரை எண்ணலாம். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950இல் தொடங்கிய இயற்கைப் பத்தியை, 1996இல் மறையும்வரை, நாற்பத்தாறு ஆண்டுகள் அவர் எழுதினார் என்பதை, வாரம் ஒன்றுக்கே திணறும் நான் பொறாமையின்றிச் சொல்ல முடியவில்லை.

இவற்றையெல்லாம் சொல்லிக் கேட்டதன் பலனோ, என் வாயை அடைக்கும் உபாயமோ, "அடுத்த தடவை நீங்களும் வாங்க மாமா" என்று அழைத்துவிட்டான். தெலுக் பங்லிமா காராங்கைத் தாண்டி, லங்காட் ஆற்றுப் பாலத்தைக் கடந்து, எட்வர்ட் வாலன்டைன் கேரி என்ற ஆங்கிலத் தோட்டக்காரரின் பெயரைத் தாங்கிய அந்தத் தீவுக்குள் நுழைந்தோம். கடல் ஏறாதபடி கரை உயர்த்தி, வாய்க்கால் வெட்டி, முதலில் ரப்பரும் பின்னர் செம்பனையும் நட்ட பூமியில் நம்மவர்களின் வியர்வை எவ்வளவு கலந்திருக்கிறதென்பதை எந்தக் காமிராவும் பதிவு செய்ததில்லை. அத்தீவின் சுங்கை பும்பூன் கிராமத்து மா மெரி என்னும் பழங்குடி மக்களைத்தான் உலகம் படமெடுக்கிறது. 'நீரே பத்து' என்னும் அலையாத்தி மரத்தின் சிவந்த கட்டையில் அவர்கள் செதுக்கும் மூதாதையர் முகமூடிகளும், ஒரே கட்டையில் கோத்த சங்கிலியோடு கடைந்தெடுக்கும் புலியும் யுனெஸ்கோவின் சிறப்பு முத்திரை பெற்றவை. ஆண்டுதோறும் நீர் வற்றிய கரையில் அவர்கள் நடத்தும் கடற்பூசையின்போது முகமூடிகளைவிடக் காமிராக்களே அதிகம் என்று கேள்வி. நாங்கள் சென்றது கூட்டமில்லாத நாள். இருந்தும் கிராமத்துத் தலைவரான பாத்தினிடம் கேட்காமல் ஒரு சிற்பியின் முகத்துக்கு நேரே லென்ஸை நீட்டலாகாது என்று மருமகன் சொன்னபோது, அவன்மீது எனக்கு மதிப்பு கூடிற்று.

அன்றும் வானம் வெள்ளைதான். ஆனால் அந்த வெள்ளை வானமே ஒரு மகா திரைபோல் வெயிலை வடிகட்டித் தந்தமையால், திண்ணையிலிருந்த முகமூடியின் கன்னக் குழியில் முரட்டு நிழல் எதுவும் விழவில்லை. அவன் ஃபிளாஷைத் தொடவில்லை. நெற்றியின் பளபளப்பு எரியாதபடி ஒளியை ஒரு படி குறைத்து, ரா கோப்பாக எடுத்துக்கொண்டு, பிற்பாடு கணினியில் நிழல்களைச் சிறிது திறந்தான். நிறத்தைக் கூட்டப்போன கையை மட்டும் நான் தடுத்தேன், இரண்டு புள்ளி ஏற்றினால் அந்தப் பழஞ்சிவப்பு நெகிழிப் பொம்மையின் ஆரஞ்சாகிவிடுமென்று. சேற்றில் முக்காலி புதையாதிருக்கக் கால்களுக்கடியில் பழைய பெயின்ட் டப்பா மூடிகளை வைத்த சாமர்த்தியம் அவனுடையது. நீர் எப்போது வற்றும், எப்போது திரும்பும் என்ற அட்டவணையைக் கைபேசியில் பார்த்துப் பார்த்து, திரும்பும் நீர் எங்கள் கணுக்காலைத் தொடும்வரை நின்றோம். அந்தக் கடைசிக் கால் மணியில், ஈரச் சேறு முழுவதும் கண்ணாடியாகி, வெள்ளை வானத்தின் பிரதிபிம்பத்தில் நண்டு வளைகள் மட்டும் மைப்புள்ளிகளாக நின்றன. வானத்தை முற்றிலும் விலக்கி, காமிராவைக் கீழ்நோக்கிச் சாய்த்து எடுத்தான்.

நேற்றிரவு அந்தப் படம் வந்தது. மேகமே இல்லை. கீழ் மூலையில், ஈரத்தில் தலைகீழாக, என் கறுப்புக் குடையின் நுனியும் முழங்காலுக்குமேல் சுருட்டிய வேட்டியும் விழுந்திருந்தன. "குடையை எடுத்துடவா மாமா, ஒரு நொடி வேலைதான்" என்று கீழே எழுதியிருந்தான். இன்னும் பதில் போடவில்லை.