இரதியின் புலம்பல்

வயிறு நிறையாதவனுக்குக் கதை எதற்கு என்று கேட்பவர்கள், இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்துத் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் வாழும் நம் ஜனங்களின் சரித்திரத்தைச் சற்றே நின்று நோக்குதல் நலம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரஜாவுரிமை இழந்து, 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் ஒரே குடும்பத்தார் இந்தியா, இலங்கை என இரு தேசங்களுக்கெனப் பிரிக்கப்பட்டு, எழுபதுகளின் நடுவில் பஞ்சத்தில் வாடி, 1977லும் 1981லும் ஆகஸ்ட் மாதங்களில் இனவன்முறையில் தம் வரிசை வீடுகளான லயங்கள் தீக்கிரையாவதைக் கண்ணாரக் கண்டு, சிலர் வவுனியா வரை ஓடிப் பிழைக்கவும் நேர்ந்த ஜனங்கள் இவர்கள். இத்தனைக்கும் நடுவில், மாசி பிறந்தால் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்துக்காகக் காமன் ஊன்றும் வழக்கத்தை மலையகத்தார் விட்டுவிடவில்லை.

பகலெல்லாம் கொழுந்து பறித்தும் பால் வெட்டியும் களைத்தவர்களே அரிதாரம் பூசிக்கொண்டு காமன் பொட்டலுக்கு வருவார்கள். ஒரு காலத்தில் விடியுமுன் பிரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு எழுப்பிய அதே தப்புப் பறை, இரவில் மன்மதனுக்காக முழங்கும். சிவனுடைய தவத்தைக் கலைத்த குற்றத்திற்காகக் காமன் எரிந்து சாம்பலானதும், இரதி வேடமிட்ட ஆண்மகன் தலைவிரி கோலமாய்ப் புலம்பத் தொடங்கினால், சுற்றியிருக்கும் பெண்கள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு விம்முவார்கள். கப்பலேறிப் போன தங்கைக்காகவும், காய்ச்சலில் போன பிள்ளைக்காகவும் வேலை நாளில் நின்று அழ நேரமற்றவர்கள், இரதியின் பெயரால் தத்தம் துக்கத்தை ஊரறிய அழுது தீர்ப்பார்கள்.

கதை துன்பத்தை மறக்கச் செய்கிறது என்று சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. கதையின் முடிவில் மன்மதன் உயிர்பெற்றாலும் இழந்த உருவத்தோடு உலகத்தார் முன் திரும்புவதில்லை. இரதியின் கண்ணுக்கு மட்டுமே அவன் தெரிவான். இழந்ததை இழந்ததென்றே ஒப்புக்கொண்டு, அதன் பின்னும் ஜீவித்திருக்க வழியுண்டு என்று காட்டுவதனாலேயே அக்கதை பரம்பரை பரம்பரையாக நெஞ்சுக்குத் தைரியம் தந்திருக்கிறது. பொன்னர் சங்கர் கூத்தும், அருச்சுனன் தபசும் அவ்வாறு நிலைத்தவையே. அந்தப் பணியைப் பிற்காலத்தில் அச்சிலும் சிலர் தொடர்ந்தனர். தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே' சிறுகதைத் தொகுதி 1979இல் வெளிவந்தபோது, லயத்துக் காம்பிராவில் பிறந்தவன் தன்னைப் போன்ற ஒருவனைக் கதாபாத்திரமாகவே கண்டுகொள்ள முடிந்தது.

நியாயமான சம்பளத்திற்கும் காணியுரிமைக்கும் கதை ஒருபோதும் ஈடாகாது. அவற்றுக்காகப் போராடுவது முதற்கடமை என்பதில் ஐயமில்லை. ஆயினும் போராடுகிறவனுக்கு மனோபலம் வேண்டுமே! சப்ரகமுவவின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப் பாடசாலைகள் ஒவ்வொன்றிலும் மலையகச் சிறுகதைகளும் நாவல்களும் நிறைந்த ஓர் அலமாரியேனும் பூட்டப்படாமல் இருக்க வேண்டும். கூத்துப் பாட்டுகளை மனப்பாடமாக வைத்திருக்கும் வாத்தியார்மார் முதுமையடைந்து வருகிறார்கள். அதிபர்கள் அவர்களை வகுப்பறைக்கே அழைத்து, பிள்ளைகளைக் கொண்டு அப்பாட்டுகளைக் கொப்பியில் எழுதிவைக்கச் செய்யும் வேலையை, வருகிற மாசிக்கு முன்பே தொடங்கிவிட வேண்டும்.