கடைமடைக்கு ஃபைபர் வருமா?

இயற்கை வேளாண்மை பேசுகிற இதழில் இண்டர்நெட் கம்பியைப் பற்றி எதற்கு எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். எங்கள் குழுவிலேயே கேட்டார்கள். "ஃபைபரோ காப்பரோ, எதுல வந்தா நமக்கென்ன தம்பி, மண்ணுல புழு இருக்கான்னு பாரு" என்றார் மூத்த உழவர் ஒருவர். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் அவரே போன சம்பா அறுவடையில், கொள்முதல் நிலையத்தில் நெல் போட இணையப் பதிவு செய்வதற்காக இரண்டு நாள் இ-சேவை மையத்து வாசலில் உட்கார்ந்திருந்தார். நெல் களத்தில் கிடந்தது, வானம் மூடிக்கொண்டு நின்றது.

நாம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அரசாங்கம் நம் கணக்கு வழக்கையெல்லாம் இணையத்தில் ஏற்றிவிட்டது. சிட்டா, பி.எம். கிசான், பயிர்க் காப்பீடு எல்லாம் அங்கேதான். நம் பி.ஜி.எஸ். சான்றுக்கும் குழுவின் விவரங்கள் இணையதளத்தில் ஏறியாக வேண்டும். கருப்புக்கவுனியை நேரடியாகச் சென்னைக்காரருக்கு விற்கிறவர், வயலை வீடியோவில் காட்டச் சொல்லி வாடிக்கையாளர் கேட்டால் வரப்பில் நின்று சிக்னல் தேடுகிறார். 'இணையம் வேண்டுமா வேண்டாமா' என்ற பட்டிமன்றம் முடிந்து பல வருஷம் ஆகிறது. இனி பேச வேண்டியது, வருகிற இணையம் எதன் வழியாக வருகிறது, எதுவரை வருகிறது என்பதைத்தான்.

இந்தச் சண்டையை ஒரு நாடு பதினைந்து வருஷத்துக்கும் மேலாகப் போட்டிருக்கிறது. ஆஸ்திரேலியா. அந்தக் கதை நமக்கு நன்றாக உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2009-ல் கெவின் ரட் தலைமையிலான தொழிற்கட்சி அரசு, தேசிய அகலப்பட்டை வலையமைப்பு என்ற திட்டத்தை அறிவித்தது. பழைய டெலிபோன் செம்புக் கம்பியை ஓரங்கட்டிவிட்டு, முதலில் நூற்றுக்கு 90, பிறகு 93 வீடுகளுக்கு வாசல்வரை கண்ணாடி இழை, அதாவது ஃபைபர். செலவு 4,300 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்றார்கள். வேலை மெதுவாகத்தான் நடந்தது, சொன்ன தேதிக்கு எதுவும் முடியவில்லை. எதிர்க்கட்சிக்கு இது நல்ல வாய்ப்பாகப் போயிற்று. "வீட்டுக்கு வீடு எதற்குக் குழி வெட்ட வேண்டும்? தெருமுனையில் ஒரு பெட்டி வைத்து அதுவரை ஃபைபர் போடுவோம். அங்கிருந்து வீட்டுக்கு ஏற்கெனவே செம்புக் கம்பி இருக்கிறதே, அதுவே போதும். 2,950 கோடியில் முடித்துவிடலாம், 2016-க்குள் எல்லோருக்கும் 25 மெகாபிட் வேகம் கிடைக்கும்" என்பது அவர்கள் வாதம். 2013 தேர்தலில் அவர்கள் ஜெயித்தார்கள். டோனி அபாட் பிரதமர், மால்கம் டர்ன்புல் தகவல்தொடர்பு அமைச்சர். திட்டம் மாறியது.

அந்த வாதத்தை முட்டாள்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். இருப்பதை வைத்து ஓட்டுவோம் என்பது நம் வீட்டுப் புத்திதானே. கையில் பழைய குழாய் இருக்கும்போது புதுக் குழாய் வாங்குகிற சம்சாரி யார்? அந்தக் குழாய் தாங்குமா என்பதுதான் கேள்வி.

தாங்கவில்லை. ஆட்சிக்கு வந்த அதே டிசம்பரிலேயே அவர்கள் கணக்கு 4,100 கோடியாக ஏறியது. 2018-ல் 5,100 கோடி என்றார்கள். பழைய செம்பு பல இடங்களில் மோசமாக இருந்ததால் புதுச் செம்புக் கம்பியே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வாங்க வேண்டிவந்தது! கடைசியில் 2020 செப்டம்பரில், செம்பே போதும் என்று சொன்ன அதே கூட்டணியின் அரசு, தெருமுனைப் பெட்டியோடு நின்ற பகுதிகளில் கேட்கிற வீடுகளுக்கு ஃபைபர் போட 350 கோடி டாலர் ஒதுக்கியது. 2025 ஜனவரியில் இப்போதைய தொழிற்கட்சி அரசு, மிச்சமிருக்கும் 6 லட்சத்துக்கு மேற்பட்ட செம்பு இணைப்புகளையும் மாற்ற இன்னொரு 300 கோடி அறிவித்தது. ஒரே தெருவை இரண்டு தடவை வெட்டுகிறார்கள். பணம் மக்களுடையது.

செம்பு ஏன் தோற்றது என்பது மோட்டார் வைத்திருக்கிற நமக்குச் சட்டென்று புரியும். மின்கம்பத்துக்குப் பக்கத்தில் இருக்கிற போர்செட் ஜம்மென்று ஓடும். அதே லைனில் முந்நூறு நானூறு மீட்டர் தள்ளி மெல்லிசு ஒயரில் இழுத்தவன் மோட்டார் ஓல்டேஜ் இல்லாமல் முனகும், காயில் கருகும். டெலிபோன் செம்பும் அப்படித்தான். அது மனிதக் குரலைக் கடத்தப் போட்ட கம்பி. அதில் இணையத்தை ஏற்றினால் பெட்டிக்குப் பக்கத்து வீட்டுக்கு நூறு மெகாபிட் வரும், ஒரு கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு அதில் சிறு பங்குதான் மிஞ்சும். மழைத் தண்ணீர் இணைப்பில் இறங்கினால் அதுவும் போச்சு. இடி விழுந்தால் கம்பி வழியாக மின்னல் வீட்டுக்குள் வரும்.

ஃபைபரில் ஓடுவது மின்சாரம் அல்ல, ஒளி. இருபது கிலோமீட்டர் வரை நடுவில் கரண்ட் தேவைப்படும் கருவி எதுவும் இல்லாமல் போகும். நாளைக்கு அதிக வேகம் வேண்டுமென்றால் இரண்டு முனையிலும் இருக்கிற கருவியை மாற்றினால் போதும், இழை அப்படியே கிடக்கலாம். இன்னொன்று, போர்செட் ஒயரை அறுத்துக்கொண்டு போகிறவனுக்கு இதில் வேலை இல்லை. கண்ணாடி இழையைக் காயலான் கடையில் யாரும் எடைக்கு எடுப்பதில்லை. ராத்திரியில் கேபிள் பறிகொடுத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

உற்பத்தி செய்கிறவனுக்கு இன்னொரு வித்தியாசம் முக்கியம். பழைய டெலிபோன் கம்பி பிராட்பேண்டில் இறங்கும் வேகம் 24 மெகாபிட்வரை போனாலும், ஏறும் வேகம் ஒன்று, ஒன்றரைதான். சினிமா பார்க்கிறவனுக்கு இறங்குவது போதும். விளைச்சலைக் காட்டி விற்கிறவனுக்கு, சான்றுக்குப் படம் அனுப்புகிறவனுக்கு, பயிர் நோயை வீடியோ எடுத்து ஆலோசனை கேட்கிறவனுக்கு ஏறும் வேகம்தான் வேண்டும். ஃபைபரில் இரண்டும் சமமாகக் கொடுக்க முடியும்.

சரி, செம்பின் பக்கமும் ஒரு நல்லது உண்டு. பழைய கறுப்பு டெலிபோன் ஊரில் கரண்ட் போனாலும் பேசும், எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்துவிடும். ஃபைபரில் வீட்டுப் பெட்டிக்கு நம் வீட்டுக் கரண்ட் வேண்டும். இழை அறுந்தால் நாமே முறுக்கி ஒட்டவும் முடியாது, ஒட்டுகிற மெஷினோடு ஆள் வர வேண்டும். எலியும் கடிக்கும்.

இப்போது ஆஸ்திரேலியக் கதையில் பலரும் பேசாத பக்கத்துக்கு வருகிறேன். ஃபைபரா செம்பா என்று இரண்டு கட்சிகளும் அடித்துக்கொண்ட அத்தனை வருஷமும், அந்தச் சண்டை 93 சதவீதக்காரர்களைப் பற்றியது. மிச்சம் 7 சதவீதம்? அதில்தான் பண்ணைகள் இருந்தன. நல்ல திட்டம் என்று நான் சொன்ன அந்த முதல் திட்டத்திலேயே அவர்களுக்கு ஃபைபர் கிடையாது. 4 சதவீதத்துக்குக் கோபுரத்திலிருந்து வயர்லெஸ், கடைசி 3 சதவீதத்துக்குச் செயற்கைக்கோள். ஸ்கை மஸ்டர் என்ற பெயரில் 2015-லும் 2016-லும் இரண்டு செயற்கைக்கோள் ஏவினார்கள். அவை நிற்பது ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில். ஒரு சொல் போய்ப் பதில் வர அரை விநாடிக்கு மேல் ஆகும். எவ்வளவு பயன்படுத்தலாம் என்பதற்கும் அளவு வைத்தார்கள். தாராளமாகப் பயன்படுத்த வேண்டுமென்றால் நள்ளிரவு 1 மணியிலிருந்து காலை 7 மணிக்குள். ராத்திரி த்ரீ பேஸ் கரண்டுக்காக டார்ச் எடுத்துக்கொண்டு வயலுக்கு நடக்கிற நமக்கு இது புதுசா என்ன? எந்தக் கட்சி ஜெயித்தாலும் விவசாயிக்கு மிச்சம்தான்.

ஆனால் அவர்களிடம் ஒரு காரணமாவது இருந்தது. அங்கே பண்ணை வீட்டுக்கும் பண்ணை வீட்டுக்கும் நடுவில் பல கிலோமீட்டர், உள்நாட்டில் அதைவிடவும் அதிகம். ஒரே ஒரு வீட்டுக்காக அவ்வளவு தூரம் குழி வெட்ட யோசிப்பார்கள். நம் ஊர் அப்படியா? வயல் ஒரு பக்கம், வீடெல்லாம் ஒரே இடத்தில். தெருவுக்குத் தெரு ஒட்டிய சுவர். ஒரு பஞ்சாயத்து ஆபீசிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் நூற்றுக்கணக்கான வீடுகள். தூரம் என்ற சாக்கை இங்கே யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் இங்கே ஃபைபர் பஞ்சாயத்து ஆபீசோடு நிற்கிறது.

2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை தேசிய ஒளியிழை வலையமைப்புக்கு ஒப்புதல் கொடுத்தது. சுமார் இரண்டரை லட்சம் கிராமப் பஞ்சாயத்துகளுக்கு ஃபைபர். அதுதான் பிறகு பாரத்நெட் ஆனது. முதல் கட்டத்தில் ஒன்றியத்திலிருந்து பஞ்சாயத்துக்கு ஒரே வரிசையில் இழையைக் கொண்டுபோனார்கள். டெல்டாக்காரனுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தலைமடையில் உடைப்பு எடுத்தால் கடைமடை காயும். ரோடு போட வந்த ஜே.சி.பி. ஓரிடத்தில் கடித்தால் அதற்கப்பால் உள்ள ஊரெல்லாம் இருட்டு. 2023 ஆகஸ்டில் சுமார் 1.39 லட்சம் கோடி ரூபாயில் திட்டத்தைத் திருத்தியபோது வளையமாக இணைப்பது என்று வைத்தார்கள், ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கம் வரும்படி. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பொறுப்பு மாநில அரசின் ஃபைபர்நெட் கழகத்திடம் இருக்கிறது. ஊராட்சிக்கு 1 ஜிகாபிட் என்று சொல்லியிருக்கிறார்கள். பெரிய வேலை, நல்ல வேலை. அதில் எனக்கு எதிர்ப்பு இல்லை.

ஆனால் பஞ்சாயத்து ஆபீசில் பெட்டி வந்த பிறகு என்ன நடக்கிறது? கடைசி இருநூறு மீட்டரை யார் போடுவது? "செல்லுல வருதே, அது போதாதா" என்பார்கள். ஆஸ்திரேலியாவில் பழைய செம்பு சொன்ன அதே பதிலை இங்கே செல்போன் கோபுரம் சொல்கிறது. கோபுரத்தின் அலை பொதுக் கிணறு மாதிரி. காலையில் ஒருவர் இறைத்தால் ஊற்று தெரியாது. சாயந்திரம் ஊரே இறைத்தால் சேறுதான். கோபுரமும் நன்றாக வேலை செய்ய அதன் அடிக்கு ஃபைபர் வர வேண்டும். செல்லை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரப்பில் நிற்கும்போது அதுதான் உதவும். அதைக் காட்டி வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வரவேண்டிய இழையை நிறுத்தாதீர்கள் என்கிறேன்.

இன்னொரு கவலை எங்கள் பக்கத்துக்கே உரியது. செலவையும் நேரத்தையும் குறைக்க ஃபைபரில் பெரும்பகுதியை மின்கம்பங்களில் கட்டுகிறார்கள். மேட்டுப் பகுதிக்கு அது சரியாக இருக்கலாம். 2018 நவம்பரில் கஜா வந்தபோது டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அந்தக் கம்பத்தில் இழையும் தொங்கியிருந்தால், நிவாரணப் பட்டியல் இணையத்தில் ஏற வேண்டிய நாளில் இணையமும் தரையில் கிடந்திருக்கும். கடலோர ஒன்றியங்களிலாவது மண்ணுக்குள் புதைக்கச் சொல்ல வேண்டும். இப்போது மலிவு என்று கம்பத்தில் கட்டிவிட்டு ஒவ்வொரு புயலுக்கும் திரும்பக் கட்டினால், ஆஸ்திரேலியா கொடுத்த இரட்டைச் செலவை நாமும் கொடுப்போம்.

கடைசி இருநூறு மீட்டருக்கு ஆள் தேடி வெளியே போக வேண்டியதில்லை. ஊரில் கேபிள் டி.வி. ஆபரேட்டர் இருக்கிறார். வீதி வீதியாகக் கம்பி இழுக்கத் தெரிந்தவர், பாதிப் பேர் டிஷ்ஷுக்கு மாறியதால் வருமானம் குறைந்து நிற்கிறார். பஞ்சாயத்துப் பெட்டியிலிருந்து மொத்த விலைக்கு இணைப்பு கொடுத்தால் அவரே வீடுகளுக்கு இழுத்துவிடுவார். முதலில் பள்ளிக்கூடம், ரேஷன் கடை, கூட்டுறவு சங்கம், கொள்முதல் நிலையம், பிறகு வீடுகள் என்று போகலாம். உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகூட இதை எடுத்து நடத்தலாம். எண்ணெய் செக்கு நடத்துகிறவர்களுக்கு இது பெரிய வித்தை இல்லை.

அடுத்த கிராம சபையில் நான் மூன்று கேள்வி கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லப் போகிறேன். நம் ஊராட்சிக்கு வந்த ஃபைபர் பெட்டி இன்றைக்கு ஓடுகிறதா, அதற்கு கரண்டும் பேட்டரியும் இருக்கிறதா? அங்கிருந்து எத்தனை இடத்துக்கு இணைப்பு போயிருக்கிறது? போகவில்லையென்றால் யாரிடம், என்ன விலைக்கு, எந்தத் தேதிக்குள் கேட்க வேண்டும்? உங்கள் ஊரிலும் கேளுங்கள். பதில் வந்தால் இதழுக்கு எழுதுங்கள், வராவிட்டாலும் எழுதுங்கள்.