தற்புகழ்ச்சி தகும் இடம்

வடகிழக்குப் பருவமழை தொடங்கி, சுலோச்சன முதலியார் பாலத்தின் கீழே தாமிரபரணி செம்மண் நிறத்தில் ஓடும் நாள்களில், நம் துறை அறைக்கு வழக்கத்தில் இல்லாத சிலர் வருவர். அவர்கள் தமிழ் இலக்கிய மாணவர் அல்லர். வணிகவியலும் கணிதமும் இயற்பியலும் படிப்பவர்கள். மொழிப்பாடத்துக்காக இரண்டாண்டுகள் நம் வகுப்பில் அமர்ந்தவர்கள். நவம்பர் இறுதியில் இந்திய மேலாண்மை நிறுவனங்களுக்கான பொதுச் சேர்க்கைத் தேர்வு வரும். மாணவர் வழக்கில் அது 'கேட்'. அதையொட்டியே தனியார் மேலாண்மைப் பள்ளிகளின் கெடு நாள்களும், வெளிநாட்டுப் பள்ளிகளின் ஜனவரிச் சுற்றும் வந்துவிடும். வருபவர் கையில் ஒரு தாள் இருக்கும். நாம் எழுதித் தரவேண்டிய பரிந்துரைக் கடிதம் அதில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். நம்மிடம் வேண்டுவது கையொப்பம் மட்டும்.

இலக்கியம் பேசும் நண்பர்களிடையே மேலாண்மைப் பள்ளி விண்ணப்பத்தைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் இது தமிழாசிரியர்க்கும் உரிய பொருள் என்பதே நம் கருத்து. தன்னைப் பற்றித் தானே எழுதுவது எப்படி என்பது இலக்கணம் ஆராய்ந்த கேள்வி. அதற்கு நம்மிடம் விடையும் இருக்கிறது.

இத்தகைய தாள்களைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறோம். பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று சொல்ல இயலாது. எல்லாரும் இளமை முதலே தலைமைப் பண்பு உடையவர்கள். எல்லாரும் சவால்களை வாய்ப்புகளாக மாற்றியவர்கள். எல்லாரும் சமுதாயத்தை மாற்றும் வேட்கை கொண்டவர்கள். முன்பு இவ்வாக்கியங்கள் பயிற்சி நிலையங்களின் மாதிரிப் படிகளிலிருந்து வந்தன. இன்று செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் ஒரு நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிடுகின்றன. இலக்கணப் பிழை இராது. எழுதியவரும் அதில் இருக்கமாட்டார்.

சில ஆண்டுகளுக்கு முன் முக்கூடல் பக்கத்திலிருந்து வந்து படித்த மாணவி ஒருத்தி அப்படியொரு கட்டுரையையும் கடிதத்தையும் கொண்டுவந்தாள். அவள் கட்டுரையில் வீடு என்ற ஒன்றே இல்லை.

"அம்மா என்னம்மா செய்றாங்க?"

"வீட்லதான் இருக்காங்க, ஐயா." சற்று நேரம் கழித்து, "பீடி சுத்துவாங்க" என்றாள்.

"அதை ஏன் எழுதலை?"

"அதைப் போயி எப்படி ஐயா எழுத?"

நாம் மேற்கொண்டு பேசவில்லை. மேசையில் திருத்தவேண்டிய விடைத்தாள் கட்டு இருந்தது. அவள் நீட்டிய கடிதத்தில் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டோம். நேர்காணலுக்கு அழைப்பு வந்தது, இடம் கிடைக்கவில்லை. அவர்கள் அவளிடம், உங்கள் பகுதியில் என்ன தொழில் நடக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். அவள் அல்வாவையும் நெல்லையப்பர் கோயிலையும் சொல்லியிருக்கிறாள். அதற்கு மேல் கேட்க அவர்களுக்கும் ஒன்றும் இருக்கவில்லை.

அந்தத் தோல்வியில் நமக்கும் பங்கு உண்டு. அவளுக்குத் தெரிந்தவை எவ்வளவு என்பது பிறகு அமர்ந்து பேசியபோதுதான் விளங்கிற்று. பத்து வயது முதல் தாயின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்து வந்தவள் அவள். இலையும் தூளும் நிறுத்துக் கொடுக்கப்படும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. தரமில்லை என்று ஒதுக்கப்படுபவற்றுக்குக் கூலி இல்லை. கொடுத்த இலை மோசமாக இருந்து எண்ணிக்கை குறைந்தால், கைக்காசு போட்டு இலை வாங்கி ஈடுகட்டவேண்டும். அந்த இலை மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளில் பறிக்கப்பட்டு இங்கே வருகிறது. பொருளோ உடலைக் கெடுப்பது. இத்தொழில் அழிவதே நாட்டுக்கு நல்லது என்றால், இதை நம்பியுள்ள பெண்கள் என்ன செய்வது? விநியோகச் சங்கிலி, தரக்கட்டுப்பாடு, துண்டுவீதக் கூலி என்று மேலாண்மை நூல்கள் பெயரிட்டு விளக்குபவற்றை அவள் தன் வீட்டுத் திண்ணையிலேயே கற்றிருந்தாள். அதையே மறைத்துவிட்டுத் தலைமைப் பண்பு என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

இங்கேதான் நன்னூல் நினைவுக்கு வந்தது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய அவ்விலக்கணத்தின் பாயிரப் பகுதியை இளங்கலை மாணவர்க்கு ஆண்டுதோறும் நடத்துகிறோம். எத்துணைத் துறைகளில் வல்லவனாயினும் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்று சொல்லும் நன்னூல், தற்புகழ்ச்சி குற்றமாகாத நான்கு இடங்களையும் உடனே சொல்கிறது. அரசன் அவைக்கு ஓலை விடுக்கும்போது. தன் ஆற்றலை அறியாதார் நடுவில். அவையில் வாதிட்டு வெல்லவேண்டிய பொழுதில். மாற்றான் தன்னைப் பழித்த வேளையில். இன்றைய சேர்க்கை முறையோடு இவற்றைப் பொருத்திப் பாருங்கள். விண்ணப்பம் ஓர் ஓலை. தேர்வுக் குழுவினர் நம்மை அறியாதார். குழு விவாதம் ஓர் அவை. நேர்காணலில் மதிப்பெண் குறைவைச் சுட்டி மடக்குவார்கள், அது நான்காவது. நம் பிள்ளைகள் இந்நான்கு இடங்களிலும் பேசலாம்; பேசவேண்டும். 'நம்மைப் பற்றி நாமே சொல்வதா' என்று கூசுவது அடக்கத்தால் அன்று, இலக்கணம் அறியாமையால்.

இன்னொன்றும் நன்னூலில் உண்டு. சிறப்புப்பாயிரத்தைத் தானே எழுதிக்கொள்வது மரபன்று. தன் ஆசிரியன், தன்னோடு கற்றவன், தன் மாணாக்கன், தகுதி வாய்ந்த உரைகாரன் ஆகிய நால்வருள் ஒருவர் எழுதவேண்டும். ஆசிரியன் முதலில் நிற்கிறான். பரிந்துரைக் கடிதம் என்பது இதுவே. மாணவரே எழுதிவந்த கடிதத்தில் நாம் கையொப்பமிடுவது, அவர் தமக்குத் தாமே பாயிரம் பாட, அதற்கு நம் பெயரை இரவல் கொடுப்பதாகும்.

அப்பாயிரம் எவற்றைச் சொல்லவேண்டும்? ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டு. காலம், களன், காரணம் என்னும் மூன்றையும் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உளர். நீ யார், எவ்வழி வந்தாய், உன் நிலம் எது, என்ன சொல்ல வருகிறாய், யாருக்கு, என்ன பயன்; ஏன் இப்போது, ஏன் இந்த அவை, எக்காரணத்தால். வணிகப் பள்ளிகளின் விண்ணப்பக் கேள்விகளைத் திறந்து பார்த்தால், ஏன் இப்படிப்பு, ஏன் இப்போது, ஏன் எங்கள் பள்ளி என்பவையே திரும்பத் திரும்ப வருகின்றன. ஸ்டான்ஃபோர்டு வணிகப் பள்ளி தன் விண்ணப்பதாரரிடம் பல்லாண்டுகளாகக் கேட்டு வரும் கேள்வி, உனக்கு மிக முக்கியமானது எது, ஏன் என்பது. அதற்கு மாதிரிப் படியில் விடை கிடைக்காது.

தேர்வைப் புறக்கணித்துக் கட்டுரையை மட்டும் செப்பனிடச் சொல்கிறோம் என்று எண்ணவேண்டாம். 'கேட்' தேர்வுக்கு நேரம் 2 மணி. மொழித்திறன், தரவு விளக்கமும் தருக்கமும், கணிதம் என்னும் மூன்று பகுதிகளுக்கும் தலா 40 நிமிடம். 2024ஆம் ஆண்டில் கேட்கப்பட்ட 68 வினாக்களில் 24 மொழித்திறன் பகுதியினவை; அவற்றுள்ளும் பெரும்பாலானவை உரைநடைப் பகுதியைப் படித்துப் பொருள் காண்பவை. சரியான விடைக்கு 3 மதிப்பெண். தெரிவு வினாவில் தவறினால் 1 மதிப்பெண் கழியும். ஒரு பத்தியைப் படித்து, சொல்லாததைச் சொன்னதாகக் கொள்ளாமல், சொன்னதை விட்டுவிடாமல் பொருள் காண்பதற்குச் சில மாதப் பயிற்சி போதாது; பல ஆண்டு வாசிப்பு வேண்டும். முதலாண்டிலிருந்தே நாள்தோறும் ஓர் ஆங்கில நாளேட்டின் தலையங்கத்தையும், நெடிய கட்டுரை ஒன்றையும் படித்து, அதன் சாரத்தைத் தமிழில் நான்கு வரிகளில் எழுதி வருமாறு சொல்கிறோம். தமிழில் சுருக்கத் தெரியாவிட்டால் அக்கட்டுரை புரியவில்லை என்றே பொருள்.

விண்ணப்பிக்க இளங்கலையில் 50 விழுக்காடு போதும். பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 45. பொறியாளர்க்கே உரிய தேர்வு இது என்ற நினைப்பு நெல்லைக் கல்லூரிகளில் வேரூன்றிக் கிடக்கிறது. உண்மையில், பல மேலாண்மை நிறுவனங்கள் பொறியியல் படிக்காதவர்க்கும் பெண்களுக்கும் கூடுதல் புள்ளிகள் தருகின்றன. ஆனால் பத்தாம் வகுப்பிலிருந்து பெற்ற மதிப்பெண்களும் கணக்கில் வரும். அவற்றை இனி மாற்ற இயலாது. மாற்ற இயல்வது தேர்வு மதிப்பெண், எழுத்து, நேர்காணல் ஆகிய மூன்றும்தான். தேர்வு வாசல் வரை கொண்டுவிடும். அதன் பின் நீ யார் என்ற கேள்வி வருகிறது.

நம் கருத்துக்கு மறுப்பு உண்டு. 'வறுமையைக் காட்டி இடம் கேட்பதா? அது இரவல் அன்றோ?' என்று உடன் பணிபுரியும் நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. இரக்கத்தை எதிர்பார்த்து எழுதப்படும் கட்டுரை, தலைமைப் பண்பு பேசும் கட்டுரையைப் போலவே பொய்யானது. நாம் சொல்வது துன்பத்தை எழுதுவதை அன்று. அத்துன்பத்தின் நடுவே கற்றதை எழுதுவதை.

2023 டிசம்பரில் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் பதிவாகி, ஆற்றங்கரை ஊர்கள் பல நீரில் கிடந்தன. அடுத்த ஆண்டு நம்மிடம் வந்த ஒரு மாணவர், ஆயிரக்கணக்கானோருக்கு நிவாரணப் பணியைத் தலைமையேற்று நடத்தியதாக எழுதியிருந்தார். கேட்டபோது உண்மை வேறாக இருந்தது. ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் தம் தெருவில் எந்த வீட்டில் கைக்குழந்தை, எந்த வீட்டில் சர்க்கரை நோய்க்கு ஊசி வேண்டும், எத்தனை சாப்பாட்டுப் பொட்டலம் தேவை என்று மூன்று நாள் ஒரு நோட்டில் குறித்து வந்திருக்கிறார். "அந்த நோட்டு எங்கே தம்பி?" என்றோம். "வீட்லதான் எங்கயோ கிடக்கும், ஐயா" என்றார். அந்த நோட்டைவிடச் சிறந்த சான்று அவர் விண்ணப்பத்தில் வேறு எதுவும் இல்லை. ஆயிரம் பேர் என்ற பொய்யை நீக்கி, நாற்பது வீடு என்ற உண்மையை எழுதச் சொன்னோம்.

ஆங்கிலம் தடை என்பாருக்கும் ஒன்று சொல்லவேண்டும். முதற்படியைத் தமிழில் எழுதுங்கள். அதுவும் ஏட்டுத் தமிழில் வேண்டாம், தாயிடம் சொல்வது போல எழுதுங்கள். நிகழ்ந்தது என்ன, நீ செய்தது என்ன, தவறியது எங்கே, அதிலிருந்து அறிந்தது என்ன என்பவை தெளிந்த பிறகு எளிய ஆங்கிலத்துக்கு மாற்றலாம். சொல்வளம் குறைந்தாலும் பொருள் நிற்கும்.

வணிகமும் எழுத்தும் ஒன்றோடொன்று ஒட்டாதவை என்று கருதுவோர், இந்த மண்ணின் வ.உ.சிதம்பரனாரை எண்ணிப் பார்க்கலாம். 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, 25 ரூபாய்ப் பங்குகளாக 10 இலட்சம் ரூபாய் முதல் திரட்டப் புறப்பட்டவர் அவர். தம்மை அறியாதாரிடம் சென்று, இன்னார் நான், இன்னது செய்யப்போகிறேன், இதனால் இன்ன பயன் என்று சொல்லி நம்பச் செய்தால் அல்லவா பங்கு விற்கும்? அவரே பின்னாளில் திருக்குறளுக்கு உரை கண்டார். தொல்காப்பிய இளம்பூரணத்தைப் பதிப்பிக்கவும் உழைத்தார்.

முக்கூடல் மாணவி மறு ஆண்டு மீண்டும் விண்ணப்பித்தாள். கட்டுரையில் தாயின் கணக்குப் புத்தகம் இருந்தது. கடிதத்தை நாமே எழுதினோம். இரண்டு இரவுகள் பிடித்தன. இம்முறை நேர்காணலில் பீடித் தொழிலை மூடிவிடலாமா என்று கேட்டு அரைமணி நேரம் வாதிட்டார்களாம். இடம் கிடைத்தது. அவ்வாண்டு அவளுடைய தேர்வு மதிப்பெண்ணும் உயர்ந்திருந்தது. ஆகவே கட்டுரையால்தான் கிடைத்தது என்று நாம் சாதிக்கமாட்டோம். அதே முறையில் எழுதிய இன்னொரு மாணவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அவர் தம் சொந்தச் சொற்களால் தோற்றார். அந்தச் சொற்களை அடுத்த ஆண்டும் எடுத்துச் செல்லலாம்.

பாளையங்கோட்டையைத் தென்னகத்தின் ஆக்ஸ்போர்டு என்று சொல்லிக்கொள்வதில் நமக்குப் பெருமை உண்டு. அப்பெருமைக்கு உரியவராக இருக்க, ஆசிரியர்களாகிய நாம் முதலில் செய்யவேண்டியது சிறிய செயல்தான். எழுதிக் கொண்டுவரும் கடிதத்தில் கையொப்பமிட மறுத்து, மாணவரை எதிரே அமரச் சொல்லி, "வீட்ல என்ன தொழில்?" என்று கேட்பது. அதன் பின் பேனாவை நாம் எடுப்பது.

அதற்கு ஆகும் நேரம் ஒரு மாலைப்பொழுது. விடைத்தாள் கட்டு மறுநாள் வரை காத்திருக்கும்.