கூழுக்குப் போட்ட கம்பு யார் காட்டில் விளைந்தது?



மனு கொடுக்கப் பெரம்பலூர் போன அன்று மதியம், ரோட்டோரக் கூழ் வண்டியில்தான் சாப்பிட்டோம். இருபது ரூபாய்க்கு ஒரு சொம்பு கம்பங்கூழ். மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டு, தொட்டுக்க மோர் மிளகாய். சாயங்காலம் வரை பசிக்கவில்லை.

"கம்பு எந்த ஊரும்மா?" என்று கேட்டோம்.

"மண்டியில வாங்குறதுங்க. வடக்கேருந்து லாரியில வருதாம்" என்றார் அந்த அம்மா. நமக்குச் சுருக்கென்றது.

கம்பும் சோளமும் வரகும் விளைந்த காடு நம்முடையது. இன்று பெரம்பலூர், அரியலூரில் எங்கு பார்த்தாலும் மக்காச்சோளம், பருத்தி. நம் மக்காச்சோளம் கோழித் தீவனத்துக்குப் போகிறது. நம் கூழுக்குக் கம்பு வெளியிலிருந்து வருகிறது! ஏன் மாறினோம்? கட்டுப்படியாகும் விலைக்குக் கம்பை வாங்க ஆளில்லை.

2025-26க்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை, கம்புக்குக் குவிண்டால் 2,775 ரூபாய். அறிவித்தால் போதுமா? அந்த விலைக்கு நம்மூரில் எடுப்பது யார்?

2023ஐ உலக சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடினார்கள். அதே ஆண்டு தருமபுரி, நீலகிரி ரேஷன் கடைகளில் கேழ்வரகு போட்டார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

நாம் கேட்பது:

* நெல்லுக்குப் போல கம்பு, சோளத்துக்கும் நேரடிக் கொள்முதல் நிலையம் திற!
* வரகுக்கும் ஆதரவு விலை அறிவி!
* வாங்கிய தானியத்தை நம் ரேஷன் கடையிலேயே கொடு!

கூழ் விற்கும் அம்மாவுக்கும் கட்டுப்படியாகணும், உழுதவனுக்கும் கூலி மிஞ்சணும். இரண்டும் ஒரே கோரிக்கைதான். ஊர் ஊராகக் கையெழுத்து வாங்குவோம். திரண்டு வாரீர்!