நாலு பேர் அறிய

குறுந்தொகையின் 25ஆம் பாட்டு கபிலருடையது. காதலன் தன்னோடு கூடிய பொழுதில் அருகில் யாருமே இல்லை என்று ஒரு பெண் சொல்கிறாள். அவன் பொய் சொல்லிவிட்டால் தான் என்ன செய்வது என்று கலங்குகிறாள். அங்கே நின்றிருந்தது ஒரு குருகு மட்டும். அதன் கண்ணும் ஓடும் நீரில் வரப்போகும் ஆரல் மீன்மேல் இருந்தது. வகுப்பில் இதைக் காதல் பாட்டு என்று நடத்துகிறார்கள். எனக்கு அதில் பயம்தான் அதிகம் கேட்கிறது. ஆசை குறைந்து அவள் பேசவில்லை. நடந்தது இன்னொரு மனிதருக்குத் தெரியாது, இனி தன் வாழ்க்கை முழுதும் அவன் நாக்கில் இருக்கிறது என்பதே அவள் கவலை.

அவன் மெய்யாகவே பொய் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்பதும் நம் பாட்டில் இருக்கிறது. அகநானூறு 256ஆம் பாட்டில் வருகிற கள்ளூர்க்காரன் ஒரு பெண்ணின் நலத்தை உண்டுவிட்டு, அவளைத் தெரியவே தெரியாது என்று சத்தியம் செய்கிறான். ஊரவை சாட்சியை விசாரித்துப் பொய்யென்று கண்டு, அவனை மரக்கிளையில் இறுகக் கட்டித் தலையில் நீற்றைக் கொட்டுகிறது. பொய்யும் தவறும் தலைகாட்டிய பிறகே மணச்சடங்கு வகுக்கப்பட்டது என்கிறது தொல்காப்பியம். நாலு பேர் அறியக் கொடுக்கிற வாக்கு, ஏமாற்றப்பட்ட பெண்களின் கண்ணீரைப் பார்த்து எழுந்த ஏற்பாடு என்றே நான் இதைப் படிக்கிறேன்.

என் அண்ணன் மகள் சென்னையில் விடுதியில் தங்கி வேலை பார்க்கிறாள். போன மாதம் வந்திருந்தபோது கேட்டாள்: “அத்தை, ரெண்டு பேரும் மேஜர், ரெண்டு பேருக்கும் சம்மதம்னா குற்றமில்லைன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. அப்புறம் எதுக்குக் கல்யாணம் வரைக்கும் காத்திருக்கணும்?”

அவள் சொன்னது சரி. திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி 2005இல் ஒரு பத்திரிகையில் நடிகை குஷ்பு சொன்ன கருத்துக்காகத் தமிழகத்தின் பல ஊர்களில் வழக்குப் போட்டார்கள். 2010இல் உச்ச நீதிமன்றம் அவற்றை ரத்து செய்தது. வயது வந்த இருவர் மனமொத்து நெருங்குவது குற்றமல்ல என்றும் சொன்னது. அந்தத் தீர்ப்பில் எனக்கு முழு உடன்பாடு. இது போலீஸ் தலையிடும் சங்கதியே இல்லை. அதனால்தான் அவரவர் மனசுக்குள் தீர யோசித்து எடுக்க வேண்டிய முடிவாகிறது.

அவளிடம் நான் சொன்னது இதுதான். ஒருவரை நமக்குச் சரிப்படுவாரா என்று பார்க்கிற காலத்தில் கண் தெளிவாக இருக்க வேண்டும். கோபம் வந்தால் எப்படிப் பேசுகிறான், கையில் காசில்லாதபோது எப்படி நடந்துகொள்கிறான், தன் அம்மாவிடம் சாப்பிட்டாயா என்று கேட்கிறானா என்றெல்லாம் பார்க்க வேண்டும். உடம்பு முந்திக்கொண்டால் இந்தப் பார்வை மங்கிவிடுகிறது. இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்ற எண்ணமே காலைக் கட்டுகிறது. விலக வேண்டிய ஆளிடமிருந்து விலக முடியாமல் வருஷக்கணக்கில் தவித்த பெண்களை எனக்குத் தெரியும். காத்திருக்கிறவளுக்கு, வேண்டாம் என்று எழுந்து வர வழி கடைசிவரை திறந்திருக்கிறது.

கள்ளூர்க்காரன் இன்றும் இருக்கிறான். 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 69ஆவது பிரிவு, மணம் முடிக்கும் எண்ணமே இல்லாமல் முடிப்பதாகச் சொல்லி உறவு கொண்டவனுக்குப் பத்து ஆண்டு வரை சிறை என்கிறது. ஆனால் தொடக்கத்திலேயே அவன் மனதில் வஞ்சகம் இருந்தது என்று நிறுவ வேண்டும். பிறகு சூழ்நிலையால் மாறினேன் என்று அவன் சொன்னால் வழக்கு அங்கேயே தடுமாறும். குருகைக் கூண்டில் ஏற்ற முடியாது.

பையன்களுக்கும் சொல்கிறேன். உன் சிநேகிதிக்குப் பதினெட்டு நிறையவில்லை என்றால் அவள் சம்மதம் போக்சோ சட்டத்தில் சம்மதமே ஆகாது. அது சட்டம். அதைவிட எனக்கு முக்கியமான ஒன்று உண்டு: பொறுத்திருப்பதைப் பெண்ணின் வேலையாக மட்டும் விட்டுவிடாதே. நம் வீடுகளில் மகளுக்கு இரவு எட்டு மணிக் கெடு, மகனுக்குக் கேள்வியே கிடையாது. இந்த அநியாயத்தை வைத்துக்கொண்டு ஒழுக்கம் பேசுகிறவர்களோடு நான் இல்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் அவளுடைய பழைய கதையைத் துருவுகிற மாப்பிள்ளை, முதலில் தன் கதையைச் சொல்லட்டும். ஏற்கெனவே ஒருவரிடம் மனதையும் உடம்பையும் கொடுத்து ஏமாந்தவர்களும் இதைப் படிப்பீர்கள். நீங்கள் எதையும் இழந்தவர்கள் அல்ல. இனிமேல் காத்திருக்கலாம் என்று முடிவெடுக்க உங்களுக்கும் அதே உரிமை உண்டு.

பெரியவர்களிடம் எனக்குக் கோபமே இருக்கிறது. பிள்ளைகளைக் காத்திரு என்கிறோம். இருபத்தெட்டு வயதில் அவர்கள் ஒரு பெயரைச் சொன்னால் என்ன சாதி என்கிறோம். சாதி சரியாக இருந்தால் செவ்வாய் தோஷம். அதுவும் தாண்டினால் தை பிறக்கட்டும், மண்டபம் கிடைக்கட்டும், நகை சேரட்டும். 1967இல் அண்ணா ஆட்சியில் நிறைவேறிய சுயமரியாதைத் திருமணச் சட்டம் இதில் எதையும் கேட்கவில்லை. உற்றார், நண்பர் முன்னிலையில் இவரை ஏற்கிறேன் என்று புரிகிற மொழியில் சொன்னால் போதும், அல்லது மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் போதும், தாலி கட்டினாலும் சரி. நம் பிள்ளைகள் யோசித்துத் தேர்ந்த ஆளோடு வந்து நிற்கும்போது அந்த நாலு பேரில் ஒருவராக நிற்க மறுத்துவிட்டு, அவர்கள் ஏன் பொறுக்கவில்லை என்று கேட்க நமக்கு என்ன வாய் இருக்கிறது?