வித்தியாசத்தை மட்டும் சேமிக்குதாமே!

"வெர்ஷன் கண்ட்ரோல் என்பது ஃபைலில் மாறிய வரிகளை மட்டும் சேமித்து வைப்பது." இப்படி எழுதி இரண்டு மார்க் வாங்கியவர்கள்தான் நாள் முழுக்க கிட்டில் வேலை செய்கிறார்கள். கிட் அப்படிச் செய்வதே இல்லை!

அந்தப் பதில் ஒரு காலத்துக்குச் சரிதான். 1972-ல் பெல் லேப்ஸில் மார்க் ரோச்கைண்ட் எழுதிய எஸ்சிசிஎஸ், எல்லா வெர்ஷனின் வரிகளையும் ஒரே ஃபைலில் பின்னி வைத்தது. எதைக் கேட்டாலும் முழு ஃபைலையும் படித்தாக வேண்டும். 1982-ல் பர்டூ பல்கலைக்கழகத்தின் வால்டர் டிக்கி, ஆர்சிஎஸ்ஸில் இதை மாற்றினார். கடைசி வெர்ஷன் முழுசாக இருக்கும், பழையவை பின்னோக்கிய வித்தியாசங்களாக இருக்கும். அடிக்கடி கேட்கப்படுவது புதுசுதானே, கெட்டிக்கார யோசனை. கிளை பிரித்தால்தான் தலைவலி. பிரிந்த இடம்வரை பின்னால் போய், அங்கிருந்து கிளை வழியாக மறுபடி முன்னால் வர வேண்டும். சிவிஎஸ்ஸும் இதே வடிவத்தைத்தான் சுமந்தது.

2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஆரம்பித்த கிட்டில் ஒவ்வொரு கமிட்டும் முழு ப்ராஜக்ட்டின் ஒரு படம். ஒரே வரி மாறினாலும் அந்த ஃபைல் முழுசாகச் சுருக்கி, புதிதாக எழுதப்படும். மாறாத ஃபைலுக்குப் பழையதையே சுட்டிக்காட்டும். திரையில் சிவப்பும் பச்சையுமாக வரும் டிஃப், கேட்கிற நேரத்தில் இரண்டு படங்களை ஒப்பிட்டுப் போடுகிற கணக்கு. அது எங்கேயும் சேமிக்கப்படவில்லை.

"பேக்ஃபைல்ல டெல்டா இருக்கே?" என்று மடக்குவார்கள். இருக்கிறது, ஆனால் அது இடம் மிச்சம் பிடிக்க மூட்டை கட்டுவது. முந்தைய வெர்ஷனோடுதான் ஒப்பிட வேண்டும் என்றில்லை, சாயல் ஒத்துப்போனால் வேறொரு ஃபைலோடுகூட ஒப்பிடும். மூட்டையைப் பிரித்து வேறு மாதிரிக் கட்டினாலும் ஒரு கமிட்டின் ஹேஷ்கூட மாறாது. வித்தியாசம்தான் வரலாறு என்றால் இது எப்படி நடக்கும்?

இரண்டு மார்க் மேட்டர்தானே என்று விடவும் முடியவில்லை. "ரெண்டு செகண்டுதானே வெட்டினேன்" என்று ப்ராஜக்ட் டெமோ வீடியோவைத் தினமும் கமிட் செய்கிறார்கள். வெட்டி மறுபடி எக்ஸ்போர்ட் செய்த வீடியோவில் பைட்டுகள் பெரும்பாலும் மாறிவிடும். டெல்டாவுக்குப் பிடியே கிடைக்காது, ரெப்போ வீங்கும்.

இதைவிட மோசம் பாஸ்வேர்ட் கதை. கோடில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டைப் போட்டு புஷ் செய்துவிட்டு, அடுத்த கமிட்டில் அந்த வரியை எடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறார்கள், சிவப்பு வரி என்றால் கழிந்துவிட்டது என்ற நினைப்பில். எதுவும் கழியவில்லை. புதிதாக ஒரு படம் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பழைய படம் பாஸ்வேர்டோடு பத்திரமாக இருக்கிறது, க்ளோன் செய்கிற ஒவ்வொருவர் கணினிக்கும் போகிறது. முதலில் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். ஃபில்டர்-ரெப்போ வைத்து வரலாற்றைத் திருத்தி எழுதுவதெல்லாம் அதற்கப்புறம். அதுவும் ஏற்கனவே க்ளோன் செய்துவிட்டவர்களின் காப்பியைத் தொடாது.